நோயாளியின் இரகசியம் யாருடையது?

மனிதன் தன் உடலையும் உள்ளத்தையும் ஒளிவு மறைவின்றித் திறந்துகாட்டும் இடங்கள் உலகத்தில் மிகச் சில. அவற்றுள் ஒன்று மருத்துவரின் அறை. தாயிடத்தும் மனைவியிடத்தும் சொல்ல நாணும் செய்தியை, அன்று காலைவரை முகம் அறியாதிருந்த ஒருவரிடத்தே நாம் சொல்லிவிடுகின்றோம். சொல்லாவிடின் நோய் இன்னதென்று துணிய இயலாது என்பது அதற்கு ஒரு காரணம். சொன்ன சொல் அவ்வறையின் வாயிலைக் கடவாது என்னும் நம்பிக்கை மற்றொரு காரணம். பின்னையது கெட்டால் முன்னையதும் பயனற்றுப்போம். நோயாளி பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவான். மருத்துவரும் பாதி நோய்க்கே மருந்து கொடுப்பார். இந்நம்பிக்கையைக் காக்கும்பொருட்டு நம் நாட்டில் ஏற்பட்டுள்ள விதிகள் யாவை, அவை எவ்வாறு உருப்பெற்றன, எங்கே தவறின என்பவற்றை நம் கல்லூரி மாணாக்கர் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இவர்களுட் பலர் நாளை செவிலியராகவும், இரத்தப் பரிசோதகராகவும், மருந்துக் கடையினராகவும், ஆஸ்பத்திரிக் கணிப்பொறியின் முன் அமர்ந்து பெயர் பதிவோராகவும் ஆகப்போகின்றவர்கள்; எல்லாரும் என்றேனும் ஒருநாள் நோயாளிகளாகப் போகின்றவர்களே.

எம் ஊராகிய எட்டயபுரத்தை எடுத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடிக்கு வடமேற்கே கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த இவ்வூர், உமறுப்புலவரின் அடக்கத்தலத்தாலும், முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியாலும், சுப்பிரமணிய பாரதியார் பிறந்த இல்லத்தாலும் வெளியூரார்க்குத் தெரியும். உள்ளூராரோ ஒருவரை ஒருவர் அறிவர். அதுவே இவ்வூர்க்குப் பெருஞ்சிறப்பும் பெருந்தொல்லையுமாம். இத்தகைய சிற்றூர்களின் மருத்துவ நிலையங்களிலே, மருத்துவரின் மேசைக்கும் காத்திருப்போர் பலகைக்கும் இடையே ஒரு துணித்திரையே சுவராக நிற்றலைப் பலரும் கண்டிருப்பர். மருந்து கொடுப்பவர் இன்னாருக்கு இன்ன மாத்திரை என்று உரக்கக் கூவுவார். அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. கூட்டத்தின் இரைச்சலில் வேறு வழி அவர்க்கில்லை. ஆயினும் கூச்சந்தரும் நோயுற்றோர் இதனை அஞ்சிப் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ சென்றுவிடுகின்றனர். தீப்பெட்டித் தொழிலாளிக்கும் தறி நெய்வோனுக்கும் அஃது ஒரு நாட்கூலி. அருகில் மருத்துவம் இருக்கத் தொலைவுக்குச் செல்லும் இச்செலவை, இரகசியத்துக்கு ஏழை செலுத்தும் வரி என்றே சொல்லலாம்.

மருத்துவர் நாவடக்கம் புதிதாகத் தோன்றிய அறமன்று. கிரேக்க நாட்டு ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில் அது காணப்படுகின்றது. நம் நாட்டுச் சரக சம்ஹிதையிலும், விமான ஸ்தானத்திலே, மாணாக்கனுக்கு ஆசிரியன் விதிக்கும் ஒழுக்கங்களுள், நோயாளியின் இல்லத்தில் கண்டதை வெளியே பேசலாகாது என்பது ஒன்று. உலக மருத்துவச் சங்கம் 1948-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் இயற்றிய உறுதிமொழியில் இவ்வறம் இடம்பெற்றது. 1968-இல் அதனைத் திருத்தியபோது, நோயாளி இறந்த பின்னரும் இரகசியம் காக்கப்படல் வேண்டும் என்று சேர்த்தனர்.

ஆயினும் அறநூல் வேறு, நீதிமன்றம் வேறு. 1776-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, கிங்ஸ்டன் கோமகள் கணவன் இருக்க மற்றொருவரை மணந்தார் என்ற குற்றச்சாட்டின்மேல் பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டார். அவருடைய குடும்ப அறுவை மருத்துவர் சீசர் ஹாக்கின்ஸ் சாட்சிக் கூண்டில் நின்று, தொழில்முறையில் தாம் அறிந்ததை வெளியிடுதல் தகுமோ என்று தயங்கினார். மான்ஸ்ஃபீல்டு பிரபு, நீதிமன்றம் வினவுமிடத்து மருத்துவர் விடையளித்தே ஆதல் வேண்டும் என்று முடிவு கூறினார். அம்முடிவின் நிழல் இன்றும் நம் நாட்டின்மேல் படிந்துள்ளது. நம் பழைய சாட்சியச் சட்டமும், அதனிடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்பளிக்கின்றன. மருத்துவரிடம் நோயாளி சொன்னதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. சட்டம் செய்யும் அவைகளில் மருத்துவரினும் வழக்கறிஞர் தொகை மிகுதி என்பது இதற்குக் காரணமோ, அறியேம்.

இனி, இப்பொழுது மருத்துவரைக் கட்டுப்படுத்தும் விதியைக் காண்போம். இந்திய மருத்துவக் கழகம் 2002-ஆம் ஆண்டில் தொழில் ஒழுக்க விதிகளை வெளியிட்டது. 2023 ஆகஸ்டு மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைப் பிறப்பித்து, அம்மாதத்திலேயே அவற்றை நிறுத்திவைத்துவிட்டமையால், பழைய விதிகளே மீண்டும் செல்லுபடியாயின. அவற்றின்படி, தொழிலின்வழித் தாம் அறிந்த நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது. மூன்றிடத்தில் மட்டும் விலக்கு உண்டு: நீதிபதி ஆணையிடும்போது, குறிப்பிட்ட ஒருவர்க்கோ சமுதாயத்துக்கோ கடுமையான, இன்னதென்று சுட்டத்தக்க ஆபத்து நேரும்போது, அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின்போது. சொற்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாம் விலக்கில் கூறிய ஆபத்தை யார் அளப்பது, அளந்தபின் யாரிடம் சொல்வது, எவ்வாறு சொல்வது என்பவை அவ்விதியில் இல்லை. இவ்விடைவெளியில் ஒரு மனிதரின் வாழ்வே விழுந்து நொறுங்கியதற்கு, அவ்விதி பிறப்பதற்கு முன்னரே நம் தலைநகராகிய சென்னையில் நிகழ்ந்த ஒரு வழக்குச் சான்றாகும்.

1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாகாலாந்து அரசுப் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்த மற்றொருவர்க்குத் துணையாக வந்திருந்தார். இரத்தம் போதாமையால் சிகிச்சை தடைப்பட்டது. துணைக்கு வந்த மருத்துவரே இரத்தம் கொடுக்க முன்வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்க்குத் திருமணம் நிச்சயமாயிற்று. டிசம்பரில் மணநாள் குறித்தனர். ஆனால் அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று உள்ளது என்ற செய்தி மருத்துவமனையினின்று வெளிப்பட்டு மணமகள் வீட்டாரை எட்டியது. மணம் நின்றது. நின்றதோடு முடிந்திருப்பின் அது வேறு. உறவினரும் சுற்றத்தாரும் அவரை இழித்துரைத்தமையால் அவர் சொந்த ஊராகிய கொஹிமாவை விட்டுச் சென்னையிலேயே குடியேற நேர்ந்தது. மருத்துவமனை இரகசியம் காக்கத் தவறியது என்று அவர் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டார், ஆணையம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1998 செப்டம்பர் 21-இல் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் சாரம் இது: இரகசியம் காக்கும் கடமை மருத்துவர்க்கு உண்டு, அது வரம்பற்றதன்று, மணக்கவிருந்த பெண்ணுக்கு நோயின்றி வாழும் உரிமை உண்டு, இரண்டு உரிமைகள் மோதும்போது பொதுநலத்துக்கு இசைந்ததே வெல்லும், ஆகவே மருத்துவமனைமேல் குற்றமில்லை. இதனோடு நில்லாமல், இத்தொற்றுடையோரின் திருமண உரிமையையே நிறுத்திவைக்கும் கருத்துகளையும் அத்தீர்ப்பு கூறியது. பின்னர் 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, திருமணம் பற்றிய அக்கருத்துகள் அவ்வழக்குக்கு வேண்டாதவை என்று விலக்கினர். அப்பெண்ணின் உயிரைக் காத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமிராது. ஆனால் அவளுக்குச் சொல்லுதல் வேறு, ஊருக்குச் சொல்லுதல் வேறு. செய்தி எந்த வழியாகச் சென்றது, வழியில் எத்தனை வாயைக் கடந்தது என்ற வினாவை நீதிமன்றம் போதிய அளவு துருவவில்லை என்பது எம் எண்ணம். மற்றொன்று நினைத்தால் வியப்பும் வருத்தமும் உண்டாகின்றன. அம்மனிதரின் பெயரை மறைக்கும்பொருட்டே அவ்வழக்குக்கு 'திரு எக்ஸ்' எதிர் 'மருத்துவமனை இசட்' என்று தலைப்பிட்டனர். ஆயினும் அதே தீர்ப்பு வேறு தொகுப்பில் அவர் முழுப்பெயரோடு அச்சாகிவிட்டது.

இது சொல்லத்தகாதவர்க்குச் சொன்னதன் கதை. சொல்லவேண்டியவர்க்குச் சொல்லாததன் கதை எம் ஊர்க்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில், விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவர்க்கு இரத்தம் ஏற்றினர். அவ்விரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது, அதில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. இரத்தம் கொடுத்தவன் ஓர் இளைஞன். அயல்நாட்டு வேலைக்குச் செல்லுமுன் செய்யும் உடற்சோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பதை அவன் அறிந்தான். அறிந்தவுடன், தான் கொடுத்த இரத்தத்தைப் பயன்படுத்தவேண்டா என்று தானே சென்று தெரிவித்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இவன் 2016-ஆம் ஆண்டிலேயே ஒரு முகாமில் இரத்தம் கொடுத்திருந்தான் என்பதும், அப்பொழுதே சோதனையில் தொற்று தெரிந்தும் அச்செய்தி அவனை எட்டவில்லை என்பதும் பின்னர் வெளிப்பட்டன. சில நாட்களுக்குள் இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. அவ்விளைஞன் தன் உயிரைப் போக்கிக்கொள்ள முற்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் மாத இறுதியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இறந்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. இரண்டிலும் இரத்தம் கொடுத்தவர் பிறர் உயிரைக் காக்கவே முன்வந்தார். ஒன்றில் செய்தி மருத்துவமனைச் சுவரைத் தாண்டி ஓடிற்று. மற்றொன்றில் ஓர் ஏட்டுக்குள்ளேயே உறங்கிற்று. ஓடியதை இரகசியக் கேடு என்பர். உறங்கியதை இரகசியக் காப்பு என்று எவரேனும் கூறுவரோ? கூறார். ஏனெனில் இரகசியம் மருத்துவருடையதுமன்று, மருத்துவமனையுடையதுமன்று. அது நோயாளியுடைய பொருள். மருத்துவர் அதனை அடைக்கலமாகப் பெற்றிருப்பவர் மட்டுமே. அடைக்கலப் பொருளை அயலார்க்கு ஈதலும் குற்றம். உடையவன்முன் மறைத்தலும் குற்றம். பலரும் இவ்விதிகளை வாய்மூடியிருக்கும் விதிகள் என்றே கருதுகின்றனர். அவற்றுள் சரிபாதி வாய்திறக்கும் விதிகள் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

நம் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் நாட்டு நலப்பணித் திட்டத்தார் இரத்ததான முகாம்கள் நடத்துவதால், இதில் மாணாக்கர்க்கு நேரான தொடர்பு உண்டு. இரத்தம் கொடுப்போர்க்குத் தரும் படிவத்தில், சோதனையில் மாறுபாடு காணின் உமக்குத் தெரிவிக்கலாமா என்னும் வினா அமைந்திருக்கும். வரிசையில் நிற்கும் அவசரத்தில் நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதிவிடுவாரும், பழைய தொலைபேசி எண்ணைக் குறிப்பாரும் உளர். அவ்வரி வெறும் சடங்கன்று. சாத்தூர் நிகழ்ச்சியில் இல்லாமற்போன தொடர்பு அவ்வரியில்தான் இருக்கின்றது. விடுதி முகவரியைக் குறிப்போர் சிறிது சிந்தித்தல் வேண்டும். விடுதிக்கு வரும் கடிதம் எத்தனை கைகளைக் கடந்து வரும் என்பது விடுதியில் வாழ்ந்தோர்க்குத் தெரியும். வீட்டில் எல்லாரும் எடுத்துப் பேசும் தொலைபேசியின் எண்ணும் அத்தகையதே.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் சேகரித்த இரத்தத்தில். அந்நோயைப் பற்றிய தனிச் சட்டமோ முப்பதாண்டு கழித்து 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னை வழக்கு விடாமல் எழுப்பிய வினாவுக்கு இச்சட்டத்தில்தான் ஒழுங்கான விடை கிடைக்கின்றது. ஒருவரின் தொற்று நிலையை அவருடைய அறிந்த சம்மதமின்றி எவரும் வெளியிடலாகாது. சம்மதம் எழுத்தில் பதியப்படல் வேண்டும். மனைவிக்கோ கணவனுக்கோ துணைவர்க்கோ ஆபத்து உண்டெனின், மருத்துவரோ ஆலோசகரோ அவரிடம் மட்டும் சொல்லலாம். ஆனால் அதற்குப் படிகள் உண்டு. அத்துணைவர்க்குத் தொற்றும் ஆபத்து மெய்யாகவே பெரிதென்று மருத்துவர் நம்புதல் வேண்டும். தொற்றுடையவரிடம் முதலில் ஆலோசனை கூறி, நீரே சொல்லும் என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது உறுதிப்படல் வேண்டும். நான் சொல்லப்போகின்றேன் என்று அவர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். இவை நிறைவேறிய பின்னரே, நேரில், தக்க ஆலோசனையுடன் சொல்லலாம். அப்பொழுதும், சொல்லுவதனால் ஒரு பெண் அடிக்கப்படுவாள், வீட்டினின்று துரத்தப்படுவாள் என்று அஞ்ச இடமிருப்பின் சொல்லலாகாது. இச்சட்டத்தை இயற்றியோர் நம் நாட்டு இல்லங்களின் உள்நிலையை அறிந்தே இயற்றினர் என்பதற்கு இவ்விறுதி விதி ஒன்றே போதும். வழக்கு நடக்குமிடத்துப் பெயரை மாற்றி வழங்கவும், கதவடைத்து விசாரிக்கவும் இச்சட்டம் இடந்தருகின்றது.

துறைமுகப்பட்டினத்தார் கவனிக்கவேண்டியதும் ஒன்று உண்டு. தூத்துக்குடியினின்று கப்பற்பணிக்கும் வளைகுடா நாட்டு வேலைக்கும் செல்வோர் உடற்சோதனைக்கு உட்படுகின்றனர். அங்கே மருத்துவர்க்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் வேலை தரும் முதலாளி, சோதிக்கப்படுபவர் வேறு. இந்நாட்டில் வேலைக்கோ கல்விக்கோ சிகிச்சைக்கோ எச்.ஐ.வி. சோதனையை முன்நிபந்தனையாக்குதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. கடல் கடந்த நாடுகளின் விதி அவ்வந்நாட்டார் கையில் உள்ளது. ஆகவே சோதனைக்கு முன், முடிவு யாரிடம் செல்லும் என்று கேட்பதும், முடிவைத் தமக்கும் எழுத்தில் தருமாறு கேட்பதும் அறிவுடைமை. தகுதியில்லை என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பப்பட்டவர், காரணம் அறியாமல், மருந்தும் பெறாமல், அந்நோயோடே வாழ்ந்துவிட நேரும்.

அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் வழங்குகின்றன. காசநோய் 2012 மே மாதம் முதல் அத்தகைய நோயாயிற்று. தனியார் மருத்துவரும் அதனை அறிவித்தே ஆகவேண்டும். ஆனால் அறிவித்தல் என்பது சுகாதார அதிகாரிக்கு, தெருவாசிகளுக்கன்று. இவ்வேறுபாடு 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் கொள்ளைநோயில் முற்றும் மறந்துபோயிற்று. நோயுற்றோர் வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டினர். சென்னையில் சில வீடுகளின்முன் தகரம் அடைத்தனர். பெயர்ப்பட்டியல்கள் கைபேசி வழியாகக் குழுவுக்குக் குழு தாவின. நோயினும் தகரத்தை அஞ்சிச் சோதனைக்கே வாராதிருந்தாரும் உண்டு. 2020 டிசம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ்த் தக்க அதிகாரி தனியே ஆணையிட்டாலன்றி இவ்வாறு வாயிலில் ஒட்டலாகாது என்று கூறியது. அப்பொழுதே ஒட்டிய தாள்கள் பல மழையில் கரைந்திருந்தன. தெருவார் நினைவு கரைந்ததோ என்பது வேறு.

பெண்களின் நிலைமை இன்னும் நுண்ணியது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ அடையாளத்தையோ சட்டப்படி உரியவர்க்கன்றி வேறெவர்க்கும் மருத்துவர் வெளியிடலாகாது. வெளியிட்டால் ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு என்று 2021-இல் திருத்திய சட்டம் கூறும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணாயின் சிக்கல் எழுகின்றது. குழந்தைகளைப் பாலியற் குற்றங்களினின்று காக்கும் சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்கு அறிவித்தல் வேண்டும். இதனை அஞ்சிப் பெண்மக்கள் தகுதியற்றோர் கையில் உயிரிழத்தல் கூடும் என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2022 செப்டம்பர் 29-இல், அப்பெண்ணும் அவள் காப்பாளரும் வேண்டின், அவள் பெயரைக் குறியாமலே அறிவிக்கலாம் என்று வழிவகுத்தது. மனநோயாளர்க்கும் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இரகசிய உரிமையைத் தனியே வழங்கியுள்ளது. அவர் இசைவின்றி அவருடைய படத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்தல் தடுக்கப்பட்டது.

இனி ஏட்டைப் பற்றிச் சிறிது. 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியாகத் தங்கியவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை மருத்துவர் மூன்றாண்டு காத்தல் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும். இது பலர்க்குத் தெரியாது. கேட்டால் மருத்துவர் சினந்துகொள்வாரோ என்று அஞ்சிக் கேளாதிருப்போர் மிகப் பலர். தன் நோயின் வரலாறு தனக்கே உரியது என்பதை நாம் முன்னர்க் கூறினோம். அதற்குச் சட்டம் தரும் கைப்பிடி இவ்விதியே. பணியாளருக்கு மருத்துவச் சான்றிதழ் எழுதும் மருத்துவரும், முதலாளி கேட்பது எத்துணை, அவர் அறியவேண்டியது எத்துணை என்று பிரித்தறிதல் நன்று. பத்து நாள் ஓய்வு வேண்டும் என்பதை முதலாளி அறிதல் வேண்டும். எந்த உறுப்பில் நோய் என்பதையும் அவர் அறிந்தே ஆகவேண்டுமோ?

காகித ஏடு கணிப்பொறி ஏடாக மாறிவருகின்றது. 2021 செப்டம்பர் 27-இல் தொடங்கிய நாடளாவிய திட்டத்தின்படி, விரும்புவோர் 14 இலக்கச் சுகாதார எண் ஒன்றைப் பெற்று, தம் குறிப்புகளை ஓரிடத்தே காணலாம். அவர் இசைவின்றி மருத்துவர் அவற்றைக் காணலாகாது என்பது திட்டம். எண் பெறுதல் கட்டாயமன்று. நன்மை மிகுதி, ஐயமில்லை. எட்டயபுரத்தில் செய்த சோதனையை மதுரையில் மறுபடியும் செய்து காசை இறைக்கவேண்டுவதில்லை. ஆனால் ஒரு பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்தால் திருடனுக்கும் ஒரே பூட்டு. 2022 நவம்பர் 23-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் அயலார் தாக்குதலுக்கு உள்ளாகி, அப்பெருநிலையம் நாட்கணக்கில் கையால் எழுதியே பணியாற்ற நேர்ந்தது. தனிமனிதர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புரைத்ததன் பயனாக, 2023-இல் மின்வழித் தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முதன்மையான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருமாறு காலம் வகுத்தனர். காப்பில் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலேனும் அரசியற்சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலேனும் பெறலாம் என்பது அச்சட்டத்தில் நமக்கு மிக வேண்டிய பகுதி. தமிழும் அவற்றுள் ஒன்று. படிக்கத்தெரியாத மொழியில் அச்சிட்ட தாளின்கீழ்க் கைநாட்டு வைப்பித்தலை இனியேனும் சம்மதம் என்று சொல்லாதிருத்தல் கூடும்.

விதியை மீறியவர்மேல் எங்கே முறையிடலாம் எனின், மருத்துவரின் ஒழுக்கத்தவற்றைத் தமிழ்நாடு மருத்துவக் கழகத்துக்கு எழுதலாம். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால், கட்டணம் பெறும் மருத்துவர்மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நட்டஈடு கோரலாம். எல்லார்க்கும் இலவசமாகவே சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைக்கு அத்தீர்ப்பு பொருந்தாது. ஆகவே அங்கே சிகிச்சை பெறும் ஏழை, நிலையத் தலைமை மருத்துவரிடமும் சுகாதாரத்துறை மேலதிகாரிகளிடமும் முறையிட்டுப் பயனில்லையாயின், உயர் நீதிமன்றத்தையே நாடவேண்டியவனாகின்றான். எச்.ஐ.வி. பற்றிய முறையீட்டுக்கு மட்டும், இருபதின்மரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் மருத்துவ நிலையங்களில் அதற்கென ஓர் அலுவலரை அமர்த்துமாறு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. அவ்வலுவலர் யார் என்று எந்த மருத்துவமனை வாயிலிலும் நோயாளி கேட்கலாம்.